குருசம்மாள் சுட்ட கரையாத அப்பம்

தவக்காலத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசையில் சங்குத்தேரி ஊரார் நாக்கை நீட்டி வாங்கிய நன்மை கரையாமல் அப்படியே வாயில் நின்றது. உப்பும் புளிப்பும் சேராமல், வெறும் கோதுமை மாவையும் தண்ணீரையும் கலந்து சுட்ட அந்த மெல்லிய வட்ட அப்பம், சாமியார் பீடத்தில் உயர்த்திக் காட்டியதும் ஆண்டவரின் உடலாகிவிடும் அப்பம், மற்ற நாளில் ஒரு அருள்நிறைந்த மரியே சொல்லி முடிப்பதற்குள் நாக்கில் ஊறிக் காணாமல் போய்விடும். அன்றைக்குப் பத்து சொன்னார்கள், போகவில்லை. செபமாலையின் ஐம்பத்து மூன்று மணியும் உருட்டினார்கள், போகவில்லை. பூசை முடிந்து, வீட்டுக்கு வந்து, அடுப்பு மூட்டி, மீன் குழம்பு கொதித்து அடங்கிய பிறகும் அப்பம் ஒவ்வொருவர் நாக்கிலும் வைத்த வட்டம் வைத்தபடியே இருந்தது.

வேறு ஊராக இருந்தால் ஒரு கடி கடித்து விழுங்கிவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். சங்குத்தேரியில் அது நடக்காது. புதுநன்மை வாங்கும் வயதிலேயே உபதேசியார் அங்கே ஒவ்வொரு பிள்ளையின் காதையும் பிடித்து இரண்டு சட்டம் சொல்லிக் கொடுத்திருந்தார். நன்மை பல்லில் படக்கூடாது, பட்டால் ரத்தம் வரும். நன்மை வாயில் இருக்கும்போது பேசக்கூடாது, பேசினால் ஆண்டவரை மிதித்த மாதிரி. வளர்ந்து, கடலுக்குப் போய், பொய் சொல்லி, சாராயம் குடித்து, மற்ற எல்லாக் கட்டளையையும் ஒருமுறையாவது மீறிப் பார்த்தவர்கள்கூட இந்த இரண்டை மட்டும் மீறியதில்லை. முழுசாக விழுங்கப் பார்த்தவர்களுக்கு அது தொண்டைவரை போய்த் திரும்பி மேலேறி வந்து நாக்கில் உட்கார்ந்துகொண்டது.

ஆகவே ஊர் பேச்சை நிறுத்தியது. முதல் நாள் தவித்தது, இரண்டாம் நாள் எரிச்சல்பட்டது, மூன்றாம் நாள் பழகிவிட்டது. அப்பத்தை ஒரு கன்னத்தில் ஒதுக்கி மறு கன்னம் வழியாகக் கஞ்சி குடிக்கப் பெண்கள் முதலில் கற்றுக்கொண்டார்கள், பிறகு ஆண்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். கடற்கரையில் மீன் ஏலம் விரல்களால் நடந்தது. பொரிந்து தள்ளிக்கொண்டிருந்த மாமியார்கள் கரண்டியால் சட்டியைத் தட்டிக் கோபத்தைத் தெரிவித்தார்கள். இளம் சாமியாரான எமிலியான் சாமி வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அவர் வாயிலும் அது கரையவில்லை. பூசை வைக்க வேண்டியவர் என்பதால் அவர் மட்டும் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு முணுமுணுத்தார். ஒரு சொல்லும் விளங்காததால் கிழவிகளுக்கு அந்தக் காலத்து லத்தீன் பூசை திரும்பி வந்துவிட்டது போல இருந்தது, கண்ணீர் விட்டுச் சந்தோஷப்பட்டார்கள்.

சந்தோஷப்படாதவள் குருசம்மாள். ஊருக்கு ஓஸ்தி, அதாவது பூசைக்கான அந்த அப்பம், சுடுகிறவள் அவள்தான். நீண்ட கைப்பிடி வைத்த இரும்பு அச்சைக் கரியடுப்பில் காய்ச்சி, ஒரு கரண்டி மாவை ஊற்றி மூடி, சிலுவை பதிந்த தகடாக எடுத்து, வட்டம் வட்டமாக வெட்டிக் கோவிலுக்கு அனுப்புவாள். புருஷன் கடலில் போன பிறகு பதினாறு வருஷமாக அதுதான் அவள் பிழைப்பு. ஊர் முழுக்க அவள் வீட்டைப் பார்த்துக்கொண்டே நடந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை, சொல்ல முடியாது, ஆனால் ஒருத்தி அவள் மாவுச் சாக்கில் கைவிட்டு மோந்து பார்த்தாள், இன்னொருத்தி அச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஊர்த் தலைவர் தொம்மை ஒரு சிலேட்டில் எழுதிக்கொண்டு வந்து வாசலில் நீட்டினார். "மாவில் என்ன சேர்த்தாய்?"

குருசம்மாள் தலையை ஆட்டினாள். ஒன்றும் சேர்க்கவில்லை.

அவளுக்குக் காரணம் தெரியும் என்பதுதான் கொடுமை. அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தால் எதிரே ஒரு மண்சுவர். இடுப்பளவுதான் இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் அவளுடைய தங்கை மெற்றில்டா வீடு. எட்டு மாதத்துக்கு முன்னால், மெற்றில்டாவின் புருஷன் காஸ்பார், தடை செய்த சுருக்குமடி வலையைப் போட்டு ஊரார் குஞ்சும் குறுமானுமாக அள்ளுகிறார்கள் என்று அதிகாரிகளிடம் போய்ச் சொல்லிவிட்டான். படகுகளை அதிகாரிகள் பிடித்துக்கொண்டு போனார்கள். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் கோவிலுக்குள்ளேயே ஊர்க்கூட்டம் போட்டார்கள். அந்த வீட்டுக்கு நெருப்பு இல்லை, தண்ணீர் இல்லை, சோறு இல்லை, பேச்சு இல்லை. சம்மதிக்கிறவர்கள் கை தூக்கச் சொன்னார் தொம்மை. வீட்டுக்கு ஒரு கை என்பது சங்குத்தேரி வழக்கம். ஆண் இல்லாத வீட்டில் விதவையின் கையும் ஒரு கைதான். குருசம்மாள் முன்னால் பார்த்தாள், பின்னால் பார்த்தாள், எல்லாக் கையும் மேலே இருந்தது. அவளும் தூக்கினாள். தூக்கியபோது இடது பக்கத் தூணோரம் நின்ற தங்கையைப் பார்க்காமல் இருக்க மாதா சுரூபத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வட்டம் வெட்டி எடுத்த பிறகு தகட்டின் ஓரத்தில் மிஞ்சும் சீவலைக் கல்யாணமான நாளிலிருந்து மெற்றில்டாதான் தின்பாள். அடுப்பில் அச்சு மூடுகிற சத்தம் கேட்டாலே சுவருக்கு மேல் அவள் கை நீளும். ஒன்பது வருஷம் பிள்ளையில்லாமல் இருந்து, கூட்டம் நடந்ததற்கு மறுமாதம்தான் அவள் வயிற்றில் பிள்ளை தங்கியது. மசக்கைக்காரிக்குச் சீவல்மேல் எவ்வளவு ஆசை இருந்திருக்கும் என்று குருசம்மாளுக்குத் தெரியும். கை நீளவில்லை. இவளும் கொடுக்கவில்லை. சீவலை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுப் போட்டு மூடி வைத்தாள், கோழிக்குப் போடவும் மனம் வரவில்லை, டின் நிறைந்துவிட்டது.

இரண்டாம் ஞாயிறன்று, எமிலியான் சாமி எழுதிய கடிதத்துக்குப் பதிலாக, ஆயர் இல்லத்திலிருந்து ஒரு பெரிய சாமியார் காரில் வந்தார். தொப்பையும் சிவந்த முகமுமாக நல்ல மனுஷர். குருசம்மாள் சுட்ட அப்பத்தைப் பீடத்தில் வைத்துத் தாமே பூசை செய்து உட்கொண்டார். ஊரே கழுத்தை நீட்டிப் பார்த்தது. அவர் வாயைத் திறந்து காட்டினார். கரைந்துபோயிருந்தது. மாவில் குற்றமில்லை என்று சொல்லிவிட்டு, மதியம் நெய்மீன் வறுவலோடு சாப்பிட்டு, ஒரு புட்டியில் தீர்த்தம் மந்திரித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் ஊர் யோசித்தது. உள்ளூரிலேயும் கரைந்த வாய்கள் இருந்தன. பிள்ளைகள் வாயில் கரைந்திருந்தது. ஊர்விலக்கு என்ன என்று விளங்காத அவர்கள் மெற்றில்டாவைக் கண்டால் "சித்தி" என்று கத்திக்கொண்டு ஓடுவார்கள், முதுகில் அடி வாங்குவார்கள். கயித்தான் கிழவர் வாயிலும் கரைந்திருந்தது. கூட்டத்தன்று அவர் போதையில் மாதாவின் கல்குகைக் கெபிக்குப் பின்னால் தூங்கிவிட்டார். யார் எத்தனை தடவை சொன்னாலும் மறந்துவிட்டு, தினமும் காலையில் காஸ்பார் வீட்டு வாசலில் நின்று, "ஏட்டி மெற்றில், வயிறு எறங்கிட்டு பாத்தியா, ஆம்பளப் பிள்ளைதான்!" என்று சத்தம் போட்டுவிட்டுப் போவார். கூட்டத்துக்குப் பிறகு ஊருக்கு வந்த எமிலியான் சாமி கை தூக்காதவர்தான், ஆனால் அவரும் அந்த வீட்டுப் பக்கம் போனதில்லை, அவர் வாயில் கரையவில்லை. இந்தக் கணக்கைப் போடப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. ஒரு வாரத்தில் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. விளங்கியதைச் சொல்ல வேண்டுமே என்ற பயத்திலிருந்து வாயில் இருந்த அப்பமே அவர்களைக் காப்பாற்றியது. தெரு முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், கன்னத்தைத் தொட்டுக் காட்டினார்கள், தலையை ஆட்டிக்கொண்டு போனார்கள். கை தூக்கியதை இறக்குவதைவிட வாயை மூடிக்கொண்டு சாவது மேல் என்று ஊர் ஒரு வார்த்தை பேசாமல் முடிவு செய்தது. குருசம்மாளும் அந்த ஊர்தான்.

மூன்றாம் வாரம் ஒரு மத்தியானம், வெயிலுக்கு ஊர் கண்ணயர்ந்த நேரம், சுவருக்கு அந்தப் பக்கம் குடம் விழுந்து உருண்ட சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. குருசம்மாள் கூப்பிட வாயெடுத்தாள், அப்பம் நாக்கை அழுத்தியது. சேலையைச் செருகிக்கொண்டு ஐம்பத்திரண்டு வயதில் சுவரேறிக் குதித்தாள். மெற்றில்டா முருங்கை மரத்தடியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள், வயிறு மட்டும் பெரிதாக, மற்றதெல்லாம் எலும்பாக. உள்ளூர்க் குழாயில் பிடிக்க முடியாததால் ஊருக்கு வெளியே செம்மணல் தேரியில் இருந்த கிணற்றிலிருந்து சுமந்து வந்த தண்ணீர் மணலில் போய்க்கொண்டிருந்தது. காஸ்பார் பிடித்த மீனை விற்கப் பதினாறு மைல் தள்ளி இருந்த சந்தைக்குப் போனவன் நேற்றிலிருந்து திரும்பவில்லை.

குருசம்மாளுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. தங்கை எட்டு மாதமாகக் கோவில் வாசல் மிதிக்காதவள், நன்மை வாங்காதவள். ஒரு வேகத்தில் தன் நாக்கிலிருந்த அப்பத்தை இரண்டு விரலால் எடுத்து, உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். அவள் வாழ்க்கையில் செய்த மிகத் துணிச்சலான காரியம் அது.

மெற்றில்டா அந்த வெள்ளை வட்டத்தைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள்.

"இது வேண்டாம் யக்கா," என்றாள். "கஞ்சி இருந்தா தா."

குருசம்மாள் அப்பத்தைக் கீழே வைக்க இடமில்லாமல் மறுபடியும் வாயிலேயே போட்டுக்கொண்டு சுவரேறினாள். கஞ்சிப் பானையும் சுட்ட கருவாடும் எடுத்துக்கொண்டு திரும்பினாள். இரண்டாவது கும்பா எடுத்துவர மறந்துவிட்டாள். ஒரே கும்பாவில் தங்கை குடித்தாள், அக்கா பிடித்துக்கொண்டாள், பிறகு தங்கை அவள் கையைத் தள்ளி, "நீயும் குடி, ஒன் மூஞ்சியப் பாரு," என்றாள். குருசம்மாள் குடித்தாள். பாதிக் கும்பா குடித்த பிறகுதான் இரண்டு கன்னம் வழியாகவும் குடிப்பது அவளுக்கு உறைத்தது. நாக்கால் துழாவினாள். ஒன்றும் இல்லை.

"மெற்றில்," என்றாள். மூன்று வாரத்துக்குப் பிறகு வந்த குரல் கரகரத்தது. "நான் கை தூக்குனேன் பாத்துக்க."

"பாத்தேன்."

"எல்லாரும் தூக்குனாவ, அதான்..."

"அதயும் பாத்தேன். விடு. வெளிய மூச்சு விடாத, ஒன்னயும் தள்ளி வச்சிருவாவ."

தங்கை சொன்னது அக்காவின் நல்லதுக்குத்தான். ஆனால் குருசம்மாள் அதை எவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டாள் என்பதை நினைத்தால் பிற்பாடு அவளுக்கே முகம் எரியும். மறுநாள் குழாயடிக்கு நாக்கைக் கன்னத்தில் துருத்திக்கொண்டு, அப்பம் இருப்பது போலவே போனாள்.

அதிலிருந்து தினமும் மத்தியானம் சுவரேறினாள். நான்காம் வாரம் ஒருநாள் தங்கையின் பின்வாசலில் ஓலைப் பெட்டியில் நாலு சூடை மீன் இருந்தது. யார் வைத்தது என்று தெரியவில்லை. அடுத்த நாள் ஒரு சொம்பு பால், அதற்கடுத்த நாள் பழஞ்சேலை கிழித்து மடித்த தொட்டில் துணி, பிறகு கருப்பட்டி, பிறகு ஒரு குடம் குழாய்த் தண்ணீர். ஊரெல்லாம் தூங்குவதாகச் சொல்லிக்கொண்ட அந்த ஒரு மணி நேரத்தில் யாரும் தூங்கவில்லை. உடைமரத்துக்குப் பின்னால் ஒருத்தி ஒளிந்து நிற்பாள், முன்னால் போனவள் திரும்பும்வரை காத்திருந்து அவள் போவாள், இருவரும் ஒருவரையொருவர் பார்க்காதது போல வானத்தைப் பார்ப்பார்கள். எமிலியான் சாமிகூட ஒருநாள் அங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு சீப்பு பழத்தோடு வேலியில் நுழைந்து, முள்ளில் மாட்டிக்கொண்டார். வீடு வீடாக, வாய் வாயாக, சங்குத்தேரியில் அப்பம் கரைந்தது. கரைந்தது என்று சொன்னால் சோறு கொடுத்தது தெரிந்துவிடும். ஆகவே யாரும் வாய் திறக்கவில்லை. ஏலம் விரலிலேயே நடந்தது. பூசையில் சாமியார் முணுமுணுத்தார், சனங்கள் கன்னத்தைத் துருத்திக்கொண்டு மண்டியிட்டார்கள், நன்மை வாங்க யாரும் எழும்பவில்லை. இப்படி ஒரு நாடகத்தை ஒத்திகையே இல்லாமல் ஒரு ஊர் முழுக்க நடித்தது.

குருத்து ஞாயிறு முடிந்த திங்கட்கிழமை மெற்றில்டா சொன்னாள், "யக்கா, பெரிய வியாழன் சாயங்காலம் நாங்க கெளம்புதோம். பெரிய வெள்ளி பயணம் வைக்கக் கூடாதுல்லா. அவுக பாம்பன் பக்கம் வீடு பாத்துட்டாவ."

"இப்பதான் எல்லாரும் கொண்டுவந்து தாராவள்ளா மெற்றில்! நெறமாசம் ஒனக்கு!"

"தாராவ. ஒருத்தராவது முன்வாசல் வழியா வந்தாவளா?" மெற்றில்டா தொட்டில் துணியை மூட்டையில் வைத்துக் கட்டினாள். "எம் பிள்ளை பின்வாசல்ல வளர வேண்டாம்."

குருசம்மாள் மண்சுவரைத் திரும்பிப் பார்த்தாள். அவளே சுவரேறி வருகிறவள்தானே. வீட்டுக்குப் போய் அந்தப் பிஸ்கட் டின்னை எடுத்துவந்து தங்கை மடியில் வைத்தாள். மெற்றில்டா மூடியைத் திறந்து பார்த்தாள். ஒன்பது மாதச் சீவலும் மொறுமொறுப்புக் குறையாமல் இருந்தது. அப்போதுதான் அவள் அழுதாள்.

பெரிய வியாழன் பூசை அந்த அப்பத்தின் திருநாள். அன்றைக்குத்தான் ஆண்டவர் அப்பத்தை எடுத்துப் பிட்டுச் சீடர்களுக்குக் கொடுத்தார். சாமியார் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவினார். ஈரக்காலோடு முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார் தொம்மை. சட்டை தோளில் தொங்கியது. ஊரில் எல்லார் முகத்திலும் கொஞ்சம் ரத்தம் ஊறியிருந்தபோது அவர் மட்டும் கருவாடாய்க் காய்ந்துபோயிருந்தார். மெற்றில்டாவுக்கு ஞானஸ்நானத்தில் கைபிடித்த ஞானத்தகப்பன் அவர்தான். விலக்கியதும் அவர்தான்.

வெளியே காஸ்பாரின் லோடு ஆட்டோ வந்து நின்ற சத்தம் கேட்டது. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த வண்டியை அணைத்தால் நாலு பேர் தள்ளாமல் மறுபடி கிளம்பாது என்பது ஊருக்கே தெரியும், காஸ்பாரின் வண்டியைத் தள்ள ஊரில் யாரும் வரமாட்டார்கள் என்பதும் தெரியும். "ஒரே ஒரு நன்மை வாங்கிட்டு வந்துருதேன்," என்று அவனிடம் சொல்லிவிட்டு, டின்னை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெற்றில்டா வாசல்படி ஏறினாள்.

சரியாக அந்த நேரம் சாமியார் கையை விரித்து, ஆண்டவருடைய சமாதானம் உங்களோடு இருப்பதாக என்று முணுமுணுத்தார். நாற்பது நாளாகப் பதில் வராத வார்த்தை. "உம்மோடும் இருப்பதாக," என்று பின்னாலிருந்து ஒரு குரல் தெளிவாக வந்தது. கோவில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மெற்றில்டா தனியாக நின்றாள். பெண்கள் பக்கம் பாய் நிறைந்திருந்தது. யாரும் நகரவில்லை, யாரும் நகராமலும் இருக்க முடியவில்லை, முட்டிகள் கொஞ்சம் அசைந்து நின்றன.

 இன்றைக்கு விட்டால் இனி இல்லை என்று குருசம்மாளுக்குத் தெரிந்தது. எழுந்து நின்றாள். மாதா சுரூபத்தைப் பார்க்காமல் தங்கையைப் பார்த்தாள்.

"மெற்றில், இங்கன வா, எம் பக்கத்துல உக்காரு," என்றாள். சத்தம் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. பிறகு ஊர் பக்கம் திரும்பினாள். "எவ்வளவு நேரம் நடிக்க? என் வாயில ஒண்ணுமில்ல. கஞ்சி குடுத்த அன்னைக்கே கரைஞ்சிட்டு. நான் கை தூக்குனேன். அது தப்பு." சொல்லிவிட்டு வாயை அகலத் திறந்து, நாக்கை நீட்டிக் காட்டினாள்.

ஒரு நிமிஷம் இன்ஜின் சத்தம் மட்டும்தான். பிறகு அவளுக்குப் பின்னாலிருந்த சூடை மீன்காரி வாயைத் திறந்தாள். பக்கத்திலிருந்த பால்காரி திறந்தாள். ஆண்கள் பக்கம் ஒருவன் இருமினான், திறந்தான். வரிசை வரிசையாக, வெறும் வாய்கள், நீட்டிய நாக்குகள். பீடத்தில் அப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற எமிலியான் சாமிக்கு, இவர்கள் குற்றத்தை ஒத்துக்கொள்கிறார்களா, நன்மை கேட்கிறார்களா என்று தெரியவில்லை. அவரும் தன் வாயைத் திறந்து காட்டினார்.

தொம்மை மட்டும் உதட்டை இறுக்கியபடி உட்கார்ந்திருந்தார். முந்நூறு பேரில் சொன்ன சொல்லில் நின்றவர் அவர் ஒருவர்தான் என்பது அப்போதுதான் ஊருக்கு வெளிச்சமாயிற்று.

மெற்றில்டா அக்கா பக்கம் வரவில்லை. நேராக முதல் பெஞ்சுக்கு நடந்தாள். டின்னைத் திறந்து, ஒரு பெரிய சீவலை எடுத்து, இரண்டாக ஒடித்தாள். ஒன்றைத் தன் வாயில் போட்டுக்கொண்டு மற்றதை நீட்டினாள்.

"எலும்பாப் போயிட்டீங்களே மாமா," என்றாள். "இது மந்திரிக்காதது. கடிக்கலாம்."

தொம்மையின் கை தொடையில் கிடந்தது. ஊரையே கை தூக்க வைத்த கை. அது மெல்ல எழுந்து சீவலை வாங்கியது. வாயைத் திறந்தபோது, நாற்பது நாள் பழைய அப்பம் நாக்கில் கொஞ்சமும் கெடாமல், சிலுவைகூட அழியாமல் இருந்ததை முன்வரிசை முழுக்கப் பார்த்தது. அதன்மேல் சீவலை வைத்து மூடினார். தாடை ஒருமுறை அசைந்தது. கண்ணிலிருந்து வழிந்தது வாய்க்குள் போயிற்று. வெகுநேரம் கழித்து அவர் வாயைத் திறந்தார், காட்டுவதற்கு அல்ல.

"போவாத மக்கா," என்றார்.

 மெற்றில்டா திரும்பி வாசலைப் பார்த்தாள். வாசலுக்கு வெளியே காஸ்பார் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்பது மாதம் அவனோடு யாரும் பேசவில்லை. அவன் முகத்தில் என்ன இருந்தது என்று அந்தத் தூரத்திலிருந்து குருசம்மாளுக்குத் தெரியவில்லை. அவள் தன் பாயில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, இடத்தைக் கையால் துடைத்துவிட்டு, காத்திருந்தாள்.

எமிலியான் சாமி பெரிய அப்பத்தை இரு கையாலும் பிடித்துப் பிட்டார். அது முறிகிற சின்னச் சத்தம் கடைசிப் பாயில் இருந்தவர்களுக்கும் நன்றாகக் கேட்டது, ஏனென்றால் வெளியே இன்ஜின் அப்போதுதான் நின்றிருந்தது.